மலையுச்சி தீவானது, தீவு ஆய்வுக்கூடமானது

மாணவ நண்பர்களே, உலகப் படத்தை விரித்து, வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே நிலம் ஒரு மெல்லிய கழுத்தைப் போல ஒடுங்குகிறது. அதுதான் பனாமா. அதன் குறுக்கே வெட்டப்பட்ட கால்வாய் அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கிறது என்று பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கப்பல்கள் செல்லும் அந்த வழியின் ஓரத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் பாரோ கொலராடோ. ஸ்பானிய மொழியில் 'செங்களிமண்' என்று பொருள். பரப்பு சுமார் 15.6 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் வெப்பமண்டலக் காடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு இந்தச் சிறு தீவிலிருந்து வந்தது.

இத்தீவு எப்படித் தோன்றியது? ஒரு காட்டை ஒதுக்கி அதில் ஆய்வு நிலையம் அமைக்க என்னென்ன தேவைப்பட்டன? ஒதுக்கி வைத்ததால் மட்டும் அந்தக் காடு காப்பாற்றப்பட்டுவிட்டதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம். மூன்றாவது கேள்வியின் விடை உங்களுக்கு வியப்பளிக்கலாம்.

தீவு பிறந்த கதை

பனாமாக் கால்வாய் கடல் மட்டத்துக்கு வெட்டப்பட்ட வாய்க்கால் அல்ல. நடுவில் மலைகள் இருக்கின்றன. அவற்றைக் கடல் மட்டம் வரை குடைந்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே பொறியியல் வல்லுநர்கள் வேறு வழி கண்டார்கள். சாக்ரெஸ் என்ற நதியின் குறுக்கே கட்டூன் என்ற இடத்தில் அணை கட்டி ஒரு பெரிய ஏரியை உண்டாக்கினார்கள். ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலே நிற்கிறது. கப்பல் ஒரு பக்கத்தில் நீர்ப்பூட்டு எனப்படும் தொட்டிகளுக்குள் நுழைகிறது. தொட்டியில் நீரை நிரப்ப, கப்பல் படிப்படியாக உயர்ந்து ஏரியை அடைகிறது. ஏரியைக் கடந்து மறுபக்கத்தில் அவ்வாறே படிப்படியாக இறங்குகிறது. மிதத்தல் விதியே இங்கு பாரந்தூக்கி!

1914ஆம் ஆண்டு கால்வாய் திறக்கப்பட்டபோது கட்டூன் ஏரி சுமார் 425 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடந்தது. அந்நாளில் மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் அதுவே மிகப் பெரியது. பள்ளத்தாக்குகள் மூழ்கின. அங்கிருந்த ஊர்களும் மூழ்கின. அவற்றில் வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். இதையும் நாம் மறந்துவிடலாகாது. மலையுச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டித் தீவுகளாயின. அவற்றுள் பெரியதே பாரோ கொலராடோ. கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சி சுமார் 170 மீட்டர் உயரம்.

ஒதுக்கிடம் ஆன விதம்

கால்வாய்ப் பகுதி அப்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் காடுகள் வெட்டப்பட்டு வயல்களும் தோட்டங்களுமாக மாறிவந்தன. தீவிலும் ஏறத்தாழ பாதியளவு நிலத்தில் முன்னரே மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. மீதிப் பாதியில் பழங்காடு நின்றது. இதுவும் போய்விடும் என்று அஞ்சியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸெட்டெக் என்ற பூச்சியியல் வல்லுநர். எறும்பு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வில்லியம் மார்ட்டன் வீலரும், விலங்கியலறிஞர் தாமஸ் பார்பரும் அவருடன் சேர்ந்து முயன்றனர். அதன் பயனாக 1923 ஏப்ரல் 17ஆம் நாள், கால்வாய்ப் பகுதியின் ஆளுநர் ஜே மாரோ இத்தீவை இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார். மறு ஆண்டே ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

அறிவிப்புக்கு ஒரு தாள் போதும். ஆனால் நிலையம் நடத்த என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கரையில் படகுத்துறை வேண்டும். குடிநீர் வேண்டும். மழைக்காலத்தில் வழுக்காத பாதைகள் வேண்டும். வேட்டைக்காரர்களைத் தடுக்கக் காவலர்கள் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது. அவ்வளவு ஈரத்தில் உருப்பெருக்கியின் கண்ணாடியிலும் பூஞ்சணம் படரும். உலர்த்தி வைத்த தாவரங்கள் மக்கிப்போகும். மரத்தால் கட்டிய வீட்டைக் கறையான் தின்னும். கறையான் எந்த மரத்தைத் தின்னும், எதைத் தின்னாது என்ற சோதனையையே ஸெட்டெக் அத்தீவில் பல ஆண்டுகள் நடத்தினார். தொல்லையே ஆராய்ச்சிப் பொருளாயிற்று!

பணத்துக்கு என்ன செய்வது? தொடக்க காலத்தில் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் ஆண்டுச் சந்தா செலுத்தின. அதற்கு ஈடாக அவற்றின் ஆய்வாளர்கள் வந்து தங்கி வேலை செய்யலாம். நிலையம் நித்திய கண்டம் பூரண ஆயுசாகவே நடந்தது. 1946ஆம் ஆண்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் நிறுவனம் பொறுப்பை ஏற்றபின்தான் நிலைமை சீர்பட்டது. ஸெட்டெக் 1956ஆம் ஆண்டு வரை அந்நிலையத்தைக் காத்துவந்தார்.

வசதி குறைவாயிருந்த அந்நாட்களிலும் நல்ல ஆராய்ச்சிகள் நடந்தன. பறவையியலறிஞர் ஃபிராங்க் சாப்மன் 1920களில் காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, அதைக் காமிராவோடு இணைத்தார். இரவில் நடமாடும் பிராணிகள் கம்பியில் இடறித் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டன. கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்பவர் 1931 முதல் ஊளைக்குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து, 1934இல் தம் ஆய்வை வெளியிட்டார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் குரங்குகளைப் பற்றிய முதல் முறையான நீண்ட ஆய்வுகளுள் அது ஒன்று.

கோடரி விழாத காட்டில் குறைந்த பறவைகள்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். தீவில் மரம் வெட்டுவது நின்றது. சுற்றிலும் தண்ணீர் வேலி. வெட்டப்பட்ட பாதியிலும் காடு மீண்டும் வளரத் தொடங்கியது. பிறகென்ன, எல்லா உயிர்களும் பெருகத்தானே வேண்டும்?

அப்படி நடக்கவில்லை. முன்பு தீவில் கூடுகட்டி வாழ்ந்த பறவை இனங்களில் சுமார் 45 இனங்கள் 1970ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிட்டன. பின்னர் மறைந்தவற்றையும் சேர்த்தால் தொகை 60ஐத் தாண்டும். இவற்றில் ஒரு பகுதிக்குக் காரணம் எளிது. வெட்டவெளியையும் புதரையும் விரும்பும் பறவைகள், அங்கெல்லாம் காடு அடர்ந்ததும் இடமில்லாமல் போயின. ஆனால் அடர்காட்டையே விரும்பும் பறவைகளும் மறைந்தனவே, அது ஏன்? எட்வின் வில்லிஸ் என்ற ஆய்வாளர் படையெறும்புகளைப் பின்தொடர்ந்து இரைதேடும் எறும்புப் பறவைகளைத் தீவில் பல ஆண்டுகள் கவனித்தார். அவற்றுள் பெரிய இனம் ஒன்று, அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆண்டுதோறும் குறைந்து, கடைசியில் தீவிலிருந்தே அற்றுப்போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் திறந்திருக்கிறது. அடியில் ஒரு துளை இருக்கிறது. குழாயில் வரும் நீரும் துளையில் போகும் நீரும் சமமாகும்போது தொட்டியின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். இப்போது குழாயைச் சிறிது மூடுங்கள். துளை அப்படியே இருக்கட்டும். மட்டம் மெல்ல மெல்ல இறங்கி, புதியதொரு தாழ்ந்த நிலையில் நிற்கும் அல்லவா?

காட்டில் வாழும் இனங்களின் எண்ணிக்கையும் இத்தகையதே. நோய், வறட்சி, கெட்ட காலம் இவற்றால் ஓர் இனம் ஒரு காட்டில் அற்றுப்போகலாம். அது அடித்துளை. பக்கத்துக் காட்டிலிருந்து அதே இனம் மீண்டும் வந்து குடியேறலாம். அது மேல்குழாய். மலையுச்சி தீவானதும் குழாய் அடைபட்டது. தீவு சிறியது. ஓர் இனத்தில் சில ஜோடிகளே வாழ இடமுண்டு. ஆகவே துளையும் பெரிதாயிற்று. ராபர்ட் மெக்கார்தர், எட்வர்ட் வில்சன் என்ற இருவர் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தீவுகளின் உயிரினங்களைப் பற்றி இத்தகைய கொள்கையை விளக்கினர்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். பல தீவுக் கூட்டங்களை அளந்ததில், இனங்களின் எண்ணிக்கை தோராயமாகப் பரப்பின் நான்காம் மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகத் தெரிகிறது. 16இன் நான்காம் மூலம் 2. ஆகவே பரப்பு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கினால், இனங்கள் இறுதியில் பாதியாகும். 'இறுதியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தொட்டி ஒரே நாளில் வற்றுவதில்லை. காட்டைத் துண்டாக்கிய மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாப் பறவைகளும் அங்கேதான் இருக்கும். 'ஒன்றும் குறைந்துவிடவில்லையே' என்று திரும்பிவிடுவோம். ஐம்பது ஆண்டுகள் விடாமல் எண்ணுபவருக்கே உண்மை தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. காட்டின் விளிம்பில் காற்றும் வெயிலும் அதிகம், ஈரம் குறைவு. விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை இந்த மாறுதல் எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,560 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு வட்டமான தீவின் ஆரம் சுமார் 2,230 மீட்டர். அதில் விளிம்புப் பகுதி 9 சதவீதம்தான். 100 ஹெக்டேர் தீவில் அது 32 சதவீதம். 1 ஹெக்டேர் தீவின் ஆரமே 56 மீட்டர்தான். அது முழுவதும் விளிம்பு! உண்மையில் பாரோ கொலராடோவின் கரை வட்டமாக இல்லை. மூழ்கிய ஓடைகளால் விரல்விரலாகப் பிரிந்து நெளிகிறது. ஆகவே அங்கு விளிம்பின் பங்கு நமது கணக்கைவிட அதிகம்.

படகிலிருந்து ஒரு பரிசோதனை

'பறவைக்குச் சிறகு இருக்கிறதே! தீவிலிருந்து அக்கரை வெகு தூரமில்லை. பறந்து வந்தால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதையே சில ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். காட்டுப் பறவைகளைப் பிடித்துப் படகில் ஏற்றி, கட்டூன் ஏரியில் கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தூரங்களில் பறக்கவிட்டனர். முடிவு 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. சில இனங்கள் 300 மீட்டரையும் எளிதாகக் கடந்தன. வேறு சில இனங்களில் பல பறவைகளால் 100 மீட்டர் கூடப் பறக்க முடியவில்லை. அவை தண்ணீரில் விழ, படகிலிருந்தவர்கள் அவற்றை எடுத்துக் காப்பாற்றினர்.

காட்டின் நிழலில் கிளைக்குக் கிளை தாவியே வாழும் பறவைக்கு 100 மீட்டர் தண்ணீர் ஒரு சமுத்திரம். காட்டை இரண்டாக வெட்டும் நெடுஞ்சாலை, மின்கம்பிப் பாதை, வயல்வெளி ஆகியவையும் இத்தகைய உயிர்களுக்குத் தடையாகும் அல்லவா?

இந்தப் பாடம் நடைமுறைக்கும் வந்தது. பனாமாவும் அமெரிக்காவும் 1977இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கால்வாய்ப் பகுதி படிப்படியாகப் பனாமாவின் கைக்கு வந்தது. அதையொட்டி 1979இல் தீவோடு அருகிலுள்ள ஐந்து தீபகற்பங்களும் சேர்க்கப்பட்டு, சுமார் 54 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இயற்கை நினைவிடம் உருவாயிற்று. மறு ஆண்டு, அதை அடுத்து சோபெரானியா தேசியப் பூங்காவும் அமைந்தது. ஒதுக்கிடம் இப்படிப் பெருநிலத்தோடு தொடர்பு பெற்றது. ஆய்வாளர்களுக்கும் ஒரு நன்மை. தீவில் காணும் மாறுதல் தனிமைப்பட்டதால் வந்ததா, வேறு காரணத்தாலா என்று அறியத் தீபகற்பத்துக் காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்

1980ஆம் ஆண்டு ஸ்டீஃபன் ஹபெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் தீவின் நடுவே 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட 50 ஹெக்டேர் காட்டை அளந்து கட்டம் போட்டனர். விட்டம் 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு மரத்துக்கும், கன்றுக்கும், புதர்ச்செடிக்கும் எண்ணிட்டுத் தகடு கட்டினர். இனம் என்ன, எந்த இடம், எவ்வளவு விட்டம் என்று குறித்தனர். எண்ணி முடித்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை இருந்தன. இனங்கள் சுமார் 300! 1985இல் மீண்டும் எண்ணினர். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுவது வழக்கமாயிற்று.

'இவ்வளவு பாடுபட்டு எண்ணுவதால் என்ன பயன்?' என்று அன்று கேட்டிருந்தால் விடை சொல்வது கடினமாயிருந்திருக்கும். ஆனால் முதல் கணக்கெடுப்பு முடியும் தறுவாயில், 1983இல், எல் நினோ காரணமாகத் தீவில் கடும் வறட்சி வந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் மேல்மட்ட நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்ச்சியே எல் நினோ. 1985இல் எண்ணிப் பார்த்தபோது, வறட்சியையொட்டிய அந்த ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 3 வீதம் இறந்திருப்பது தெரிந்தது. அடுத்த ஐந்தாண்டில் இவ்வீதம் ஏறத்தாழ 2ஆகக் குறைந்தது.

2க்கும் 3க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுள்' படித்திருப்பீர்கள். அதே கணக்கு இங்கும் பொருந்தும். ஆண்டுக்கு 2 சதவீதம் இறந்தால், இன்றுள்ள மரங்களில் பாதி மறைய ஏறத்தாழ 34 ஆண்டுகள் ஆகும். 3 சதவீதமானால் 23 ஆண்டுகளிலேயே பாதி மறைந்துவிடும். இடையே புதுக்கன்றுகள் முளைக்கும், உண்மைதான். ஆனால் வறட்சியைத் தாங்காத இனங்களின் இடத்தில் வேறு இனங்களே தலையெடுத்தால் காட்டின் முகமே மாறிவிடும். வறட்சிக்கு முன் எண்ணி வைத்திராவிட்டால் இதை யார் அளந்திருக்க முடியும்? எண்ணாமல் விட்ட ஆண்டை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. நீண்டகால ஆய்வு நிலையத்தின் அருமை இதில்தான் இருக்கிறது.

இந்தத் திட்டத்தைப் பின்பற்றி உலகெங்கும் 70க்கு மேற்பட்ட இடங்களில் இப்படிக் காடுகள் எண்ணப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று நம் முதுமலையில் உள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து எண்ணத் தொடங்கினர். இருந்த மரங்கள் சுமார் 26,000, இனங்கள் ஏறத்தாழ 70. பாரோ கொலராடோவின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதுமலை வறண்ட இலையுதிர்க் காடு. அங்கே யானை கிளை முறிக்கிறது, கோடையில் தீ பரவுகிறது. ஒரே முறையில் எண்ணுவதால்தான் இரண்டு காடுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. இலங்கையின் சிங்கராஜக் காட்டிலும் 1993 முதல் 25 ஹெக்டேர் பரப்பில் இப்பணி நடக்கிறது.

கப்பலும் காடும்

கடைசியாக ஒரு கணக்கு. பழைய நீர்ப்பூட்டுகள் வழியே ஒரு கப்பல் இரு கடல்களுக்கிடையே கடந்து செல்ல ஏறத்தாழ 20 கோடி லிட்டர், அதாவது 2 லட்சம் கனமீட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. இதை ஏரியின் பரப்பான 425 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு கப்பலுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் 36 கப்பல்களுக்கு 17 மில்லிமீட்டர்! இத்தனையையும் ஈடு செய்ய வேண்டியது மழை. பெய்த மழையை மண்ணோடு சேர்த்து ஓடவிடாமல் தேக்கி, கோடையிலும் ஓடைகளில் கசியவிட உதவுவது காடு.

2023இல் மீண்டும் எல் நினோ வந்தது. மழை பொய்த்தது. ஏரி தாழ்ந்தது. நாளொன்றுக்குச் சுமார் 36ஆக இருந்த கப்பல்களின் எண்ணிக்கையை 2024 ஜனவரியில் 24ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த வறட்சி எவ்வளவு அரியது என்று மதிப்பிட உதவியவற்றுள் ஒன்று, பாரோ கொலராடோவில் 1920களிலிருந்து எழுதி வைத்த மழைக் கணக்கு. எறும்பையும் குரங்கையும் பார்க்கப் போனவர்கள் தினமும் மழைமானியையும் பார்த்துக் குறித்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் அது கப்பல் வாணிகத்துக்கும் உதவியது.

நீங்களும் செய்யலாம்

இதற்குத் தீவு வேண்டியதில்லை. பள்ளித் தோட்டத்திலோ தெருவோரத்திலோ பத்து மரங்களைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிட்டு, ஒரு வரைபடத்தில் அவற்றின் இடத்தைக் குறியுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் வண்ணத்தால் ஒரு சிறு கோடிட்டு, அந்த இடத்தில் தையற்காரரின் அளவு நாடாவால் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். ஆணி அடிக்க வேண்டாம், மரத்துக்குக் காயமாகும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே கோட்டில் அளக்க வேண்டும். விட்டம் 1 மில்லிமீட்டர் பருத்தால் சுற்றளவு 3.14 மில்லிமீட்டர் கூடும். ஆகவே சுற்றளவை அளப்பதே துல்லியம்.

நீங்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது குறிப்பேட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் தமக்குப் பின் வருபவரிடம் கொடுக்கட்டும். ஓர் ஆண்டின் அளவு வெறும் எண்ணாகத்தான் தெரியும். இருபது ஆண்டுகளின் அளவுகள் அம்மரங்களின் வரலாறாகிவிடும். அடுத்த எல் நினோ வரும்போது, உங்கள் ஊரில் எந்த மரம் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதற்கு அந்தக் குறிப்பேடு விடை சொல்லும்.

யோசித்து விடை காணுங்கள்

1. ஒரு காட்டின் பரப்பு 81இல் ஒரு பங்காகச் சுருங்கினால், நான்காம் மூல விதிப்படி இறுதியில் எத்தனை பங்கு இனங்கள் எஞ்சும்?

2. 100 ஹெக்டேர் காடு ஒன்றை ஒதுக்க வேண்டும். சதுரமாக ஒதுக்குவதா, 200 மீட்டர் அகலத்தில் நீண்ட பட்டையாக ஒதுக்குவதா? விளிம்பின் பாதிப்பு 100 மீட்டர் வரை எட்டுமானால் எதில் உட்காடு மிஞ்சும்?

3. தொட்டி உவமையில் மேல்குழாயை மீண்டும் சிறிது திறக்க, ஒரு தீவுக் காட்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?